சாக்பீஸ் வைத்த மூன்று கம்பிகள்

எனக்குக் காது கொஞ்சம் அதிகம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கதவு எந்த மாடியில் உரசுகிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொய் சொல்லும்போது அவர் குரல் ஓர் இம்மி ஏறும், பிடித்துவிடுவேன். இவளைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு போலீஸ் நாயை வளர்த்திருக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். முப்பத்தோரு வருஷமாயிற்று. தொழிலால் வந்த கோளாறோ, பிறவிக் குணமோ, யார் எதைச் செய்தாலும் அதில் என்ன தப்பு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பியானோவின் உட்புறத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் போய் மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும். மூன்றும் ஒரே சுருதியில் இருந்தால் ஒரே குரலாகக் கேட்கும். அதில் ஒன்று மயிரிழை தளர்ந்தாலும் போயிற்று, சத்தம் நேராக நிற்காமல் வொய்ங், வொய்ங் என்று அலையடிக்கும். அந்த அலையைக் கொல்லுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று காலை அரங்கத்து மேனேஜர் போன் செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ப்ளூஸ் கச்சேரி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு. பாட்டு ஒருவர், கிட்டார் ஒருவர், பியானோ ஒருவர், டிரம்ஸ் ஒருவர். நாலு பேர் வயசையும் கூட்டினால் முந்நூறைத் தாண்டும். அரங்கத்தில் நல்ல பியானோ இருக்கும்போதே இவர்கள் தங்களுடைய பழைய பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களாம். லாரி வந்துவிட்டது, ஆட்கள் வருகிற வேன் வழியில் படுத்துவிட்டது. நீங்கள் வந்து சுருதியைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள், அவர்கள் நேராக மேடைக்குத்தான் வருவார்கள் என்றார். கூலியோடு இரண்டு டிக்கெட்டும் உண்டு. ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிக்கிற வீட்டுக்காரர் எனக்கு வாய்த்திருப்பதால் டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்தக் கச்சேரிக்கு அழைத்துப் போனாலும் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டு மணிக்குப் போனேன். காலி அரங்கத்தில், மேடை நடுவில், சுவரோடு நிறுத்துகிற மாதிரியான உயரமான பியானோ நின்றது. மூலைகளில் பாலிஷ் உரிந்து மரம் தெரிந்தது. வலது பக்கப் பலகையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மரம் வழவழவென்று கறுத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மேல்மூடியைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி வைப்போம். இதில் கடைசி இருபத்திரண்டு கையெழுத்தும் ஒரே ஆளுடையவை. பொடிப் பொடியாக, பள்ளிக்கூட வாத்தியார் எழுத்து.

அந்த ஆள் கெட்டிக்காரர். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். எண்பத்தெட்டில் எண்பத்தைந்து கட்டையும் சுத்தம், குறை சொல்ல இடமில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று கட்டைகளில் அலை. ஒன்றில் மெதுவாக, அடுத்ததில் சற்று வேகமாக, மூன்றாவதில் படபடவென்று. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மூன்றிலும் ஒவ்வொரு கம்பி தளர்ந்திருந்தது. அந்தக் கம்பிகளின் நுனி சுற்றியிருக்கும் இரும்பு முளைகளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு.

சாக்பீஸ் கோட்டுக்கு என் அகராதியில் ஒரே அர்த்தம்தான். முளை நழுவுகிறது, கம்பி நிற்கவில்லை, அடுத்து வருகிறவர் கவனிக்கவும். நானே நூறு பியானோவில் அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவர் மூன்று கம்பியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாரே என்று வாய்விட்டே திட்டினேன். முளைகளை ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தன. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. திருகுசாவியைப் போட்டு மூன்றையும் இழுத்து, அலை சாகிற வரைக்கும் சேர்த்தேன். ஈரத் துணியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். இருபத்து மூன்றாவதாக என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, தேதி போட்டு, மூடியைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து ஒரு சோம்பேறியின் வேலையை முடித்துக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆறு மணிக்கு மூன்றாவது வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்தோம். அரங்கம் நிரம்பியிருந்தது. அவர்கள் வேன் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வந்ததாக மேனேஜர் வியர்வையைத் துடைத்தபடி சொல்லிவிட்டுப் போனார். விளக்கு அணைந்தது. முதலில் டிரம்ஸ்காரர் ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதை நாற்காலியில் போட்டு உட்கார்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கிட்டார்காரர் நெடுநெடுவென்று, கூன் விழுந்து, கிட்டாரையே ஊன்றுகோலாக வைத்து நடப்பவர் போல வந்தார். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். நான் சிரித்தேன். நடுவயது தாண்டிய எங்களுக்கு அந்தச் சிரிப்பு தேவையில்லாதது.

கடைசியாகப் பியானோக்காரர் ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். குள்ளமாக, அகலமாக, சாம்பல் நிற உடையில், எண்பது வயது இருக்கும். குழுவில் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று டிக்கெட்டோடு கொடுத்த தாளில் போட்டிருந்தது. பெரியக்கா நேராக வந்து பியானோவின் வலது பக்கம் நின்று, கறுத்திருந்த அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி கை அங்கே பொருந்தியது. மத்தியானம் நான் தேய்த்துப் பார்த்தது எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, அவருடைய கை.

பியானோக்காரர் ஒரு கட்டையைத் தட்டினார். நான் சேர்த்த மூன்றில் ஒன்று. கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கேட்டது; எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியக்கா அசையவில்லை. பியானோக்காரர் மறுபடி, இன்னும் பலமாகத் தட்டினார். பெரியக்கா கையை எடுத்து, உடையில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்தார். பியானோக்காரர் எழுந்து மேல்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என்ன தப்பு என்று தெரியவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது.

சபை காத்திருந்தது. பெரியக்கா டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்து, தலையை ஆட்டி, பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வேன். இனிமையான குரல் இல்லை. கனமான பீரோவைத் தரையில் இழுக்கிற மாதிரி அடியில் ஒரு கரகரப்பு. ஆனால் முதல் வரியிலேயே அரங்கத்தில் இருமல் நின்றது. ப்ளூஸில் ஒரே வரியை இரண்டு தடவை பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம் என்றார். போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம் என்று இன்னொரு தடவை சொன்னார். குளிர் இன்னும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறதே என்று முடித்தார். என் முன்கையில் ரோமம் எழுந்து நின்றது.

அதே சமயம் என் பொல்லாத காது வேறொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எடுத்த சுருதி எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் நின்றது. பியானோவில் அந்தச் சந்துக்குள் போக வழியே கிடையாது. பியானோக்காரர் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், உடனே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கிட்டார்காரர் கம்பிகளை விரலால் தள்ளி, வளைத்து, அந்தச் சந்துக்குள் நுழைந்தார். ஒவ்வொரு சுரத்தையும் அப்படி வளைத்துப் பிடித்தே வாசித்தார். எழுபத்தைந்து வயது விரல்களுக்கு அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். அடுத்த வரிக்கு மாற வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே பெரியக்கா மாறிவிட்டார். டிரம்ஸ்காரரும் கிட்டார்காரரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. அவர் எங்கே காலை வைத்தாரோ அங்கே இவர்கள் தரையைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஓரிடத்தில் வழி தெரியாமல் அவர் நின்றுவிட்டார். அந்த மௌனத்தையே பாட்டாக்கி இருவரும் தாங்கிப் பிடித்தார்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்படி ஒரு வாசிப்பை என் ஆயுசில் நான் கேட்டதில்லை. அதைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த அம்மாவின் கை, இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி பலகை முழுக்கத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையை முட்டியது. பெரியக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. டிரம்ஸ்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டிரம்ஸ் மிதியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்த பிறகுதான் பாட்டு முடிந்தது என்று புரிந்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குக் காது கேட்கவில்லை.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்காத காதுக்கு அந்த அலைதான் வழி. மெதுவான அலை, வேகமான அலை, படபடக்கிற அலை. மூன்றும் மரத்தின் வழியாகக் கைக்கு வந்திருக்கின்றன. நான் அதைக் கொன்றுவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். மூடிக்குள் இருக்கிற பெயர் யாருடையது என்று சபையில் யாருக்குத் தெரியும்? இன்னும் பத்துப் பாட்டு இருக்கிறது. பத்துப் பாட்டையும் அந்தக் கிட்டார்காரர் வளைத்தே தாங்கிவிடுவாரா? நடுவில் ஓரிடத்தில் அந்த அம்மா தடுக்கி விழுந்தால், அதற்குப் பிறகு அவர் எந்த மேடையில் ஏறுவார்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பத்து நிமிஷமாகியும் வீட்டுக்காரர் தூங்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பியானோக்காரர் ஏன் வாசிக்கல?" என்றார்.

"என்னாலதான்."

சுருதி, கம்பி, சாக்பீஸ் எதையும் அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர், எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"சாவி பையிலதான இருக்கு?" என்றார். பிறகு நான் வெளியே போக வசதியாக முழங்காலை மடக்கிக்கொண்டார்.

மேடையின் பக்கவாட்டில் ஐந்து படிகள். அவற்றை எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை. விளக்கு முகத்தில் அடித்தது. கையில் திருகுசாவியோடு ஒருத்தி வருவதைப் பார்த்துப் பியானோக்காரர் எழுந்து நின்றார். நான்தான் அதில் பெயர் எழுதியவள் என்றேன். சாக்பீஸ் கோட்டைப் பழுது என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கமாகச் சுருதி சேர்க்க வருகிறவருக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் இந்தத் தடவை அவர் வரவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு தணிந்த குரலில் விளக்கினார்.

"எங்க பாட்டுல மொத்தமே மூணு இடம்தான். வீடு, தெருமுனை, பஸ் ஸ்டாப்பு. வீட்டுலேர்ந்து கிளம்பி முனை வரைக்கும் போவோம், திரும்புவோம், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போவோம், வீட்டுக்கு வந்துடுவோம். அக்காவுக்கு எங்க நிக்கிறோம்னு சொல்றது அந்த மூணு கம்பிதான்."

"எவ்வளவு தளத்தணும்?"

"எனக்குத் தெரியாது. அவரு காதால வைக்கல, அக்கா கையால வச்சாரு."

அவர் பெரியக்காவின் முகத்துக்கு நேரே வந்து, என்னைக் காட்டி, சாவியைக் காட்டி, விரலைத் திருகிக் காட்டினார். பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். கிட்டார்காரர் சபையைப் பார்த்து, எங்கள் பியானோவும் எங்கள் வயசுதான், நடுநடுவே டாக்டர் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். ஜனம் சிரித்தது. அவர் தனியாக, மெதுவாக எதையோ வாசிக்கத் தொடங்கினார்.

நான் முதல் முளையில் சாவியைப் போட்டேன். முப்பத்தோரு வருஷமாக இறுக்கிப் பழகிய மணிக்கட்டு, தளர்த்த மறுத்தது. கொஞ்சம் விட்டேன். பியானோக்காரர் கட்டையைத் தட்டினார். பெரியக்கா கையைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். தலையை ஆட்டினார், போதாது. இன்னும் ஓர் இம்மி. அதிகம் என்று முகத்தைச் சுளித்தார். திரும்ப ஏற்றினேன். நான் காதால் கேட்பதை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்தேன். ஒரு தடவை சாவியைத் தொட்டேனோ இல்லையோ, அவருடைய புருவம் இறங்கியது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கு வருமே, அந்த நிதானம் முகத்தில் வந்தது. ஒரு விரலைத் தூக்கினார். முதல் கம்பி ஆயிற்று. இரண்டாவதற்கு மூன்று முயற்சி. மூன்றாவதற்கு ஒரே முயற்சி. என் கைக்கு அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துவிட்டது.

நான் இறங்கப் போனேன். பெரியக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையைப் பலகையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். அப்படியே பாடத் தொடங்கினார்.

பியானோக்காரரின் இரண்டு கையும் கட்டைகளில் இறங்கின. மெதுவான அலை என் உள்ளங்கையில் ஏறியது. வீடு. அது மரத்துக்குள் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பெரியக்காவின் குரல் நேராக அதன்மேல் வந்து நின்றது. ஒரு மயிரிழை இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. அலை வேகம் பிடித்தது, தெருமுனை. குரல் திரும்பியது. திரும்பவும் வீடு. படபடவென்று கை அதிர்ந்தது, பஸ் ஸ்டாப்பு. அங்கே நின்று யாரையோ கூப்பிடுகிறவர் போல அந்த அம்மா குரலை எடுத்து எறிந்தார். அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் அது திரும்பி வந்தது. கிட்டார்காரர் இப்போது வளைக்க வேண்டிய அவசியமில்லை, விளையாடினார். டிரம்ஸ்காரருக்கு மூச்சிரைப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பியானோக்காரர், முதல் பாட்டில் கையைக் கட்டி உட்கார்ந்ததற்கெல்லாம் சேர்த்து வாசித்தார். நாலு பேரும் எத்தனையோ வருஷமாக இதே மூன்று இடங்களுக்குத்தான் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் இன்றுதான் முதல் தடவை அந்தத் தெருவைப் பார்க்கிறவர்கள் போலப் போனார்கள்.

நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம், ஆயிரம் பேர் பார்க்க மேடையில் நின்று அழுதேன். என் தொழிலில் நான் தேடித் தேடி ஒழித்த ஒன்று, ஒரு மனுஷியைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவதை உள்ளங்கையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாக இருந்தது. கையை எடுக்கவும் மனசு வரவில்லை.

கச்சேரி முடிந்து ஜனம் கலைந்தது. கிட்டார்காரர் விரல்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சந்துக்குள் போய் நாளாயிற்று, உங்கள் புண்ணியத்தில் இன்று போய் வந்தேன் என்றார். பெரியக்கா, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

"நாப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் சேத்ததில்லம்மா. கைய வச்சேன், ஒண்ணுமே இல்ல. செத்துட்டேன்னு நினைச்சுட்டேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரிக்காரர்கள் பியானோவைக் கட்ட வந்தார்கள். ஒரு நிமிஷம் என்றேன். மூடியைத் திறந்து, பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, மூன்று முளைகளுக்குப் பக்கத்திலும் பழையபடி கோடு போட்டேன். போட்டுவிட்டு நின்றேன். அடுத்த ஊரிலும் என்னைப் போல ஒரு கெட்டிக்காரி இருப்பாள். அவளுக்கும் காது அதிகமாக இருக்கும், அவளும் துணியோடுதான் வருவாள். பென்சிலை எடுத்து, கொட்டை எழுத்தில் இருந்த என் பெயருக்குக் கீழே, அதைவிடக் கொட்டையாக எழுதினேன்: கோடு போட்ட மூன்றும் பழுதல்ல. சந்தேகம் இருந்தால் பலகையில் கையை வைத்துப் பார்.